மிச்சச் சூடு

மேனட்டீக்கு 20 டிகிரி செல்சியஸ் என்பது உயிர்க்கோடு. தண்ணீர் அதற்குக் கீழே குளிர்ந்து அப்படியே பல நாள் கிடந்தால் அந்த விலங்கு தின்பதை நிறுத்திவிடும். மூக்கிலும் துடுப்புகளிலும் தோல் வெளுத்துப் புண்ணாகும். பிறகு செத்து மிதக்கும். பார்வைக்கு மூன்று மீட்டர் நீளம், நானூறு ஐநூறு கிலோ எடை. இவ்வளவு பெரிய உடம்புக்குள் திமிங்கலத்துக்கு இருப்பதுபோல் குளிர் தாங்கும் கொழுப்புப் போர்வை கிடையாது. தின்பதும் புல்தான். தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தினமும் மேய்ந்தாலும், அதிலிருந்து கிடைக்கும் சூடு போதாது.

அதனால் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை மேனட்டீகள் வெந்நீர் தேடி அலைகின்றன. மாநிலத்தின் நடுப்பகுதியிலும் வடக்கிலும் ஆண்டு முழுக்க 22 டிகிரியில் ஊறும் ஊற்றுகள் உண்டு. தென்கிழக்குக் கடற்கரையில் அப்படிப்பட்ட ஊற்றுகள் இல்லை. அங்கே இருப்பவை மின்நிலையங்கள். கடல்நீரை உள்ளே இழுத்து, இயந்திரத்தைக் குளிர்வித்து, சூடேறிய நீரை மறுபடியும் கடலில் கொட்டும் மின்நிலையங்கள். ஃபுளோரிடா மேனட்டீகளில் பாதிக்கும் மேற்பட்டவை இன்று குளிர்காலத்தைக் கடத்துவது இந்தக் கழிவுநீரில்தான்.

ஒரு ஜனவரி மாதத்தில் நாங்கள் நான்கு பேர் அதைப் பார்க்கப் போனோம். நான்கு பேரும் ஒரே அம்பேத்கர் வாசிப்பு வட்டத்தைச் சேர்ந்தவர்கள். இருவர் அங்கே வேலை செய்பவர்கள், இருவர் ஊரிலிருந்து போனவர்கள். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கிய மறுநாள் போனால்தான் கூட்டமாகப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். காற்று இறங்கியது, ஊரிலிருந்து வந்த நாங்கள் இருவரும் இருந்த சட்டையை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

இடம் வெஸ்ட் பாம் பீச் நகரத்தின் வடக்கு எல்லை. அதை ஒட்டி ரிவியரா பீச். லேக் வொர்த் என்ற நீண்ட காயலின் கரையில் எரிவாயு மின்நிலையம், அதன் பக்கத்திலேயே அந்த மின் நிறுவனம் 2016இல் திறந்த ‘மேனட்டீ லகூன்’ என்ற காட்சி மையம். நுழைவுக் கட்டணம் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வந்து இறங்கினார்கள். இன்று எத்தனை மேனட்டீ என்று எண்ணிச் சொல்கிறார்கள்.

வண்டியை நிறுத்தும்போதே எங்களில் இளையவர் கேட்டுவிட்டார்: “அண்ணே, இது கடற்பசுதானே? இங்க வந்தும் பசுப் பாதுகாப்பா?”

சிரித்தோம். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக 2016இல் ஊனாவில் நம் பிள்ளைகளை வண்டியில் கட்டி வைத்து அடித்ததைப் பார்த்த தலைமுறை அது. ‘விலங்குப் பாதுகாப்பு’ என்ற சொல்லே அவர்கள் காதில் வேறு மாதிரி விழும். ஆனால் இந்த விலங்குக்குப் பசுவோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. யானைதான் தூரத்துச் சொந்தம். இதே குடும்ப வரிசையில் நம் பாக் நீரிணையில் மேயும் விலங்கை நம் கடலோர மக்கள் ஆவுளியா என்று அழைக்கிறார்கள். 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆவுளியாவுக்குத் திமிங்கல வால், மேனட்டீக்குத் துடுப்புக் கட்டை மாதிரி வட்ட வால். மற்றபடி இரண்டும் ஒரே சாது.

மேல்தளத்தில் நின்று கீழே பார்த்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கலங்கிய பச்சைத் தண்ணீர், ஆங்காங்கே பாறை போலச் சாம்பல் நிழல்கள். ஒரு நிழலிலிருந்து இரண்டு மூக்குத் துளைகள் மேலே வந்தன. புஸ்ஸென்று ஒரு மூச்சு. மறுபடி மூடிக்கொண்டு இறங்கிவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் கண் பழகியது. பாறை என்று நாங்கள் நினைத்ததெல்லாம் உடம்புகள். நாற்பதோ ஐம்பதோ இருக்கும். நெருக்கியடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தன. முதுகில் பாசி. ஒரு குட்டி தாயின் துடுப்புக்கு அடியில் முகத்தைப் புதைத்திருந்தது; மேனட்டீ பால் கொடுப்பது அக்குளில். தூங்கும்போது இருபது நிமிடம் வரைகூட மூச்சுப் பிடித்துக் கிடக்குமாம். ஒன்று மூச்சு விட வந்தால் பக்கத்தில் இருப்பதும் வருகிறது. அரை மணி நேரம் அந்த மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றோம். அலுக்கவில்லை.

பிறகு முதுகுகளைக் கவனித்தோம். ஏறக்குறைய எல்லா முதுகிலும் வெட்டுக்காயம். இணையாக ஐந்தாறு கோடுகள், வெள்ளையாக ஆறிப்போன தழும்புகள். சிலவற்றுக்கு வால் ஓரத்தில் பிறை வடிவில் சதையே இல்லை. படகு விசிறி வெட்டியது. காயல் முழுக்க உல்லாசப் படகுகள். மேனட்டீயோ மெதுவான விலங்கு, ஆழமில்லாத தண்ணீரில் மேய்கிற விலங்கு.

அங்கே விளக்கம் சொல்ல ஒரு தன்னார்வலர் அம்மா நின்றிருந்தார். எழுபது வயது இருக்கும், ரிவியரா பீச்சிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்மணி, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நாங்கள் தழும்புகளைக் காட்டிக் கேட்டபோது அவர் சொன்னது எங்களை நிமிர்த்தி வைத்தது. ஆராய்ச்சியாளர்கள் ஒரு மேனட்டீயை இன்னொன்றிலிருந்து பிரித்து அறிவது அந்தத் தழும்புகளை வைத்துத்தானாம். ஒவ்வொன்றின் காயத்தையும் படம் பிடித்துப் பட்டியலில் சேர்க்கிறார்கள். காயம் புதிதாகச் சேர்ந்தால் பட்டியலைத் திருத்துகிறார்கள். இப்படிப் பல்லாயிரம் படங்கள். “காயமே படாத மேனட்டீக்கு இந்தப் பட்டியலில் இடம் கிடைப்பது கஷ்டம்” என்றார்.

எங்களில் ஒருவர் வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களோடு நீதிமன்றம் ஏறி இறங்குகிறவர். அவர் மெல்லச் சொன்னார்: “நம்மையும் அப்படித்தான் தெரியும் அரசாங்கத்துக்கு.”

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். எங்கே வெந்நீர் கிடைக்கும் என்பதைக் குட்டி தாயிடமிருந்து கற்றுக்கொள்கிறது. ஓரிரு ஆண்டு தாயோடு சுற்றும் காலத்தில் தாய் போகும் வழியே அதற்கு வழி. பிறகு வாழ்நாள் முழுக்கக் குளிர் தொடங்கியதும் அதே இடத்துக்கு வரும். அந்த மின்நிலையம் மூடப்பட்டிருந்தாலும் வரும். வந்து, காத்திருந்து, சாகும். இதைச் சொல்லிவிட்டு அவர் காயலின் எதிர்க்கரையைக் கையால் காட்டினார். “என் அம்மா அந்தப் பாலத்தைத் தாண்டி வீட்டு வேலைக்குப் போனவர். அவருடைய அம்மாவும் அப்படித்தான்.”

எதிர்க்கரை என்பது பாம் பீச் தீவு. அமெரிக்காவின் மிகப் பெரிய பணக்காரர்கள் குளிர்காலத்தைக் கழிக்க வருகிற இடம். பாருங்கள், குளிர்காலத்துக்கு இங்கே வருவது மேனட்டீ மட்டும் இல்லை.

இந்தக் கரையின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஹென்றி ஃபிளாக்லர் ராக்ஃபெல்லரோடு சேர்ந்து எண்ணெய்க் கம்பெனி நடத்திப் பெரும் பணக்காரரானவர். 1890களில் ஃபுளோரிடாவின் கிழக்குக் கரை நெடுக ரயில் போட்டுக்கொண்டே வந்தார். தீவில் ராயல் பொயின்சியானா என்ற பிரமாண்டமான மர ஓட்டலைக் கட்டி 1894இல் திறந்தார். கட்டிய தொழிலாளிகளில் பெரும் பகுதியினர் கறுப்பின மக்கள். தீவிலேயே ஸ்டிக்ஸ் என்ற குடியிருப்பில் குடிசை போட்டுத் தங்கினார்கள். ஸ்டிக்ஸ் என்பது கிரேக்கக் கதைகளில் செத்தவர்கள் கடக்கும் ஆற்றின் பெயர். யார் வைத்த பெயரோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். விருந்தாளிகள் நாற்காலியில் சாய்ந்திருக்க, பின்னால் சைக்கிள் பெடலை ஒரு கறுப்பினத் தொழிலாளி மிதித்துத் தள்ளிக்கொண்டு போகும் வண்டிக்கு ‘ஆஃப்ரோமொபைல்’ என்று பெயர். அதை அஞ்சலட்டையில் படமாகவும் அச்சடித்து விற்றிருக்கிறார்கள்.

1910களின் தொடக்கத்தில் ஸ்டிக்ஸ் காலியாக்கப்பட்டது. சர்க்கஸ் காட்டுகிறோம் என்று எல்லோரையும் அக்கரைக்கு அனுப்பிவிட்டுக் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள் என்பது மக்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் கதை. அதற்குச் சான்றில்லை, நில உரிமையாளர்கள் கெடு வைத்து வெளியேற்றினார்கள் என்கிறார்கள் வரலாற்றாய்வாளர்கள். வெளியேற்றப்பட்டதை யாரும் மறுக்கவில்லை. மக்கள் காயலைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்தார்கள். வெஸ்ட் பாம் பீச்சே ஃபிளாக்லர் தன் வேலையாட்களுக்காக அளந்து போட்ட நகரம். அதாவது தீவு ஊர், கரை சேரி, நடுவில் தண்ணீர். நமக்கு விளக்கவே வேண்டாத ஏற்பாடு. காட்சி மையம் இருக்கும் சாலைக்கு இன்றைக்கும் ஃபிளாக்லர் டிரைவ் என்றுதான் பெயர்.

தீவில் வேலை செய்ய வருகிறவர்கள் காவல் நிலையத்தில் பதிவு செய்து, கைரேகை கொடுத்து, படம் ஒட்டிய அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்று பாம் பீச்சில் ஒரு விதி இருந்தது. அடிமை முறைக் காலத்தில் என்று நினைத்துவிட வேண்டாம். 1980களின் நடுவில் நீதிமன்றமும் மாநிலச் சட்டமும் தலையிடும் வரை இருந்தது. அந்த அம்மாவின் அம்மா பாலத்தைக் கடந்த காலம் அதுதான்.

இனி சட்டத்துக்கு வருவோம். ஃபுளோரிடா மாநிலம் மேனட்டீயைக் கொல்லத் தடை விதித்து முதல் சட்டம் போட்டது 1893இல். 1907இல் அதற்கு 500 டாலர் அபராதம் என்றும் சேர்த்தார்கள். மனிதர்களைக் கும்பலாகச் சேர்ந்து தூக்கில் போடுவதைத் தனிக் குற்றமாக்க வேண்டும் என்று ஜார்ஜ் ஹென்றி வைட் என்ற கறுப்பின உறுப்பினர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தது 1900இல். அதற்குப் பிறகு ஏறத்தாழ 200 முறை முயன்றார்கள். நிறைவேறியது 2022 மார்ச்சில். மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் இத்தகைய கொலைகள் மிக அதிகமாக நடந்த மாநிலங்களில் ஃபுளோரிடாவும் ஒன்று. முன்னது மாநிலச் சட்டம், பின்னது நாட்டுச் சட்டம், இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்று யாராவது வழக்கறிஞர் சொல்லலாம். சொல்லட்டும். ஆண்டுகளை எழுதிப் பார்த்தால் போதும்.

ஆனால் இந்த இடத்தில் நம் நண்பர்கள் பலர் வழுக்கி விழுவார்கள். ‘மிருகத்துக்கு இருக்கும் மதிப்பு மனுஷனுக்கு இல்லை’ என்று பேசிவிட்டுக் கைதட்டு வாங்கி இறங்கிவிடுவார்கள். நாங்களும் மேல்தளத்தில் நின்றபடி கொஞ்ச நேரம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். பேசப் பேச அது போதாது என்று தோன்றியது. மேனட்டீ மீது நமக்கென்ன கோபம்? அது எவன் குடிசையையும் கொளுத்தவில்லை. கேட்க வேண்டியது வேறு. கொன்று தின்றுகொண்டிருந்த ஒரு விலங்குக்கு இவ்வளவு காவல் எப்படி வந்தது? அன்பினால் என்றுதான் காட்சி மையத்தின் சுவர்கள் சொல்கின்றன. நிறுவனம் இயற்கையை நேசிக்கிறது, மேனட்டீகளுக்குப் புகலிடம் தருகிறது என்ற தொனியில் வண்ண வண்ணமாகப் பலகைகள். கடையில் மேனட்டீ பொம்மை. எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது.

பலகைகள் உரக்கச் சொல்லாத சேதி ஒன்று உண்டு. சூடான நீரைப் பொதுக் காயலில் கொட்ட ஒரு மின்நிலையத்துக்கு அரசின் அனுமதி வேண்டும். மேனட்டீகள் திரளும் இடங்களில் அந்த அனுமதியோடு மேனட்டீ பாதுகாப்புத் திட்டமும் கட்டாயமாக வருகிறது. குளிர்காலத்தில் நினைத்த நேரத்தில் வெந்நீரை நிறுத்திவிட முடியாது. இந்த இடத்திலேயே 1940களிலிருந்து ஓடிய பழைய எண்ணெய் மின்நிலையத்தை 2011இல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். புதிய எரிவாயு நிலையம் ஓடத் தொடங்கியது 2014இல். இடையில் மூன்று குளிர்காலம். அப்போது என்ன செய்தார்கள் தெரியுமா? மின்சாரம் உற்பத்தி செய்யாத மின்நிலையத்தில், மின்சாரம் செலவழித்து, மேனட்டீகளுக்காகத் தண்ணீரைச் சூடாக்கினார்கள். நல்ல மனதுக்காரர்கள் அங்கே இருக்கலாம், இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் மனசு மாறினாலும் தண்ணீர் ஆறாதபடி எழுத்தில் இருந்தது.

பண்ணையில் வளர்ந்த நமக்கு மிச்சத்தின் கதை தெரியும். வடித்த கஞ்சி, விடிந்தால் புளித்துப்போகும் சோறு, தூற்றிய களத்தின் ஓரத்தில் கிடக்கும் பதர் கலந்த நெல். அவர்களுக்கு வேண்டாதது. அதைக் கொடுத்துவிட்டு ‘எங்க வீட்டுச் சோத்துலதான் வளர்ந்தான்’ என்று மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். ஒரு தாய் போன வாசலுக்கே மகளும் போவாள், வேறு வாசல் தெரியாது. மின்நிலையத்தின் வெந்நீரும் மிச்சம்தான். அவர்களுக்கு அது கழிவு. ஊற்றுகளும் புல்வெளிகளும் மனிதர்களிடம் பறிபோக, விலங்கு அந்தக் கழிவைச் சார்ந்து வாழப் பழகிவிட்டது. வித்தியாசம் எங்கே என்றால், மேனட்டீக்குக் கிடைக்கும் மிச்சம் உரிமத்தில் ஏறிவிட்டது. இன்றைக்குப் பண்ணையார் கோபமாக இருக்கிறார், சோறு கிடையாது என்று யாரும் சொல்ல முடியாது.

அதிலும் ஓட்டை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2010 குளிர் கடுமையாக அடித்தபோது நூற்றுக்கணக்கில் செத்தன. 2021இல் ஃபுளோரிடாவில் செத்த மேனட்டீகள் சுமார் 1,100. அவற்றில் பல குளிரில் சாகவில்லை, பட்டினியில் செத்தன. இந்தியன் ரிவர் என்ற காயலில் கடற்புல் அழிந்துபோனதுதான் காரணம். வயலுக்கும் புல்தரைக்கும் போட்ட உரம், மழையில் அடித்து வந்த நகரத்துக் கழிவு, வீடுகளின் செப்டிக் டேங்க் கசிவு எல்லாம் சேர்ந்து தண்ணீரில் பாசி பெருகி, வெயில் புகாமல் புல் மக்கிவிட்டது. வெந்நீர் இருக்கிறது, சோறு இல்லை. அந்தக் குளிர்காலத்தில் கேப் கேனவெரல் மின்நிலையத்துக்கு அருகே அரசு ஆட்கள் நின்று சுமார் 90 டன் லெட்யூஸ் கீரையைக் காயலில் கொட்டினார்கள். வன விலங்குக்குக் கையால் தீனி போடக் கூடாது என்பது அதே அரசின் விதி. 2017இல் ‘அழியும் நிலை’ என்ற பட்டியலிலிருந்து இதை ஒரு படி இறக்கி ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானது’ என்று மாற்றியிருந்தார்கள், எண்ணிக்கை கூடிவிட்டதாம். இடஒதுக்கீட்டைப் பற்றி ‘இன்னும் எத்தனை காலத்துக்கு’ என்று கேட்கும் குரல் நினைவுக்கு வராமல் போகுமா?

1,100 என்ற எண் எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள், அதுதான் எங்களை அன்று மிகவும் உலுக்கியது. 1970களிலிருந்து ஃபுளோரிடாவில் செத்து ஒதுங்கும் மேனட்டீகளைப் பதிவு செய்து வருகிறார்கள். கிடைக்கும் உடல்களை அறுத்துப் பார்க்க செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தனி ஆய்வகம் இருக்கிறது. ஒவ்வொரு சாவுக்கும் எதிரே ஒரு காரணம் எழுதப்படும்: படகு மோதியது, மதகில் நசுங்கியது, குளிர், பிறந்த உடனே இறந்தது, இப்படி. காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுவார்கள். மாவட்டம் வாரியாக, மாதம் வாரியாக யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். படகு வேகத்தைக் குறைக்கச் சட்டம் வந்தது அந்தப் பட்டியலின் பலத்தில். ‘படகு’ என்ற கட்டத்தில் எண் ஏறிக்கொண்டே போனால் படகுக்காரர்களின் சங்கம் என்ன வாதாடினாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கே நம் நாட்டுக்கு வாருங்கள். 2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒன்றிய அரசு சொன்ன பதில்: மனிதக் கழிவைக் கையால் அள்ளும் வேலையால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை. கேள்வி கேட்டவர்களுக்குத் தலை சுற்றியது. சாக்கடைக் குழிக்குள் விஷவாயு தாக்கிச் செத்தவர்கள்? அவர்கள் வேறு கட்டமாம், ‘பாதாளச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிகளை ஆபத்தான முறையில் சுத்தம் செய்தல்’ என்ற கட்டம். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டுக்கும் இரண்டு விளக்கம் வைத்திருக்கிறது. அந்தச் சந்தில் புகுந்து ஓர் அரசு தன் கையைக் கழுவிக்கொண்டது. ஊர்க் காவல் நிலையத்தில் நிலைமை இன்னும் மோசம். ‘தவறி விழுந்து மரணம்’, ‘மூச்சுத் திணறி மரணம்’ என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது. 1993 முதல் இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. அந்தப் பணத்தை வாங்க விதவை முதலில் நிரூபிக்க வேண்டியது தன் கணவன் எதனால் செத்தான் என்பதைத்தான். சஃபாய் கர்மச்சாரி ஆந்தோலன் தோழர்கள் ஆண்டுக் கணக்கில் ஊர் ஊராகப் போய்ப் பெயர் சேர்த்தது அதனால்தான். அரசு செய்ய வேண்டிய பட்டியலை அவர்கள் செய்தார்கள்.

படிக்கிற தோழர்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறோம்: அஞ்சலிச் சுவரொட்டி அடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் அந்த முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

மாலை நான்கு மணிக்கு மையம் மூடியது. அந்த ஆசிரியை அம்மாவிடம் விடைபெறும்போது, இங்கே வேறென்ன பார்க்கலாம் என்று கேட்டோம். கடற்கரையைச் சொல்வார் என்று நினைத்தோம். “டாமரிண்ட் அவென்யூவும் 25ஆவது தெருவும் சேரும் முனைக்குப் போங்கள். பக்கம்தான்” என்றார். அங்கே என்ன என்று கேட்டதற்குப் போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

காரில் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு புல்வெளி, சுற்றிக் கம்பி வேலி, ஒரு பெயர்ப் பலகை. அவ்வளவுதான்.

1928 செப்டம்பர் 16 இரவு அடித்த புயலில் உள்நாட்டில் இருக்கும் ஒக்கிச்சோபி ஏரியின் கரை உடைந்தது. குறைந்தது 2,500 பேர் செத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏரிக்கரை வயல்களில் கூலி வேலைக்கு வந்திருந்த கறுப்பின மக்கள். உடல்கள் இந்த நகரத்துக்கு லாரிகளில் வந்தன. சவப்பெட்டி போதவில்லை, இருந்தவை வெள்ளையர்களுக்குப் போயின. 69 உடல்கள் வெள்ளையர்களுக்கான உட்லான் இடுகாட்டில் புதைக்கப்பட்டன. 674 பேர் இந்தப் புல்வெளிக்குக் கீழே ஒரே குழியில். சேற்றில் கிடந்த உடல்களைத் தேடி எடுக்கும் வேலையைத் துப்பாக்கி முனையில் செய்ய வைத்தது உயிர் பிழைத்த கறுப்பின ஆண்களைத்தான். ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1937இல் எழுதிய நாவலில் இந்தப் புயல் வருகிறது; பெட்டி யாருக்கு, குழி யாருக்கு என்பதும் வருகிறது.

2004 சுனாமியில் நாகப்பட்டினத்துக்குப் போனவர்கள் எங்களில் இருவர். அழுகிய உடல்களை எடுக்கப் பல நகராட்சிகளிலிருந்து லாரியில் ஏற்றி வரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். கையுறை இல்லாமல் எடுத்தவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அன்று வேலிக்கு வெளியே நின்று வாய் திறக்காமல் இருந்ததும் அந்த இருவர்தான்.

இந்த நிலத்துக்குப் பல்லாண்டு காலம் ஓர் அடையாளக் கல்கூட இல்லை. இடையில் நகராட்சி இதை விற்றேவிட்டது. அக்கம்பக்கத்து மக்கள் விடாமல் கேட்டு, 2000இல் நகரம் திரும்ப வாங்கியது. 2002இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறியது. செத்து 74 ஆண்டுகள் கழித்து.

பலகையைப் படித்தோம். எண் இருந்தது, பெயர் ஒன்றுகூட இல்லை. எங்களில் இளையவர் தொலைபேசியை எடுத்துப் படம் பிடிக்கப் போனவர், நிறுத்திவிட்டு, “674ன்னு எப்படி அண்ணே தெரியும்? யார் எண்ணினாங்க?” என்று கேட்டார். எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. யாரோ ஒருவர் குழியின் ஓரத்தில் நின்று, லாரியிலிருந்து இறக்க இறக்க, ஒரு தாளில் கோடு போட்டிருக்க வேண்டும். வாடைக்காற்று மறுபடி வீசத் தொடங்கியிருந்தது. சட்டைகளை இழுத்து மூடிக்கொண்டு வேலியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வண்டியில் ஏறினோம்.